அத்தாரிட்டி எவ்ளோ கீது?

வேலை போன பிறகுதான் எனக்கு அதிகாலையில் விழிப்பு வர ஆரம்பித்தது. அம்பத்தூரில் நான் இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது என் பிரிவையே மூடிவிட்டார்கள். கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை இருந்ததால் அடுப்பு எரிவதில் பிரச்சினை இல்லை. ஆனால் காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் நூம்பலில் அந்த இரண்டாவது மாடி வீடு சட்டென்று பெரிதாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வேலையை வீட்டிலிருந்தபடியே செய்வது என்று முடிவு செய்தேன்.

அது என்ன வேலை என்று ஊரில் அம்மாவுக்கு இன்றுவரை நான் சரியாகச் சொல்லி முடித்ததில்லை. நீங்கள் எதையாவது இணையத்தில் தேடினால் ஒரு பட்டியல் வருகிறதல்லவா, அதில் ஒரு கடையை மேலே கொண்டுவருவது. அதற்குப் பல வழிகள் உண்டு. அதில் முக்கியமானது பேக்லிங்க். அதாவது, மற்ற இணையதளங்கள் உங்கள் தளத்தைச் சுட்டுவது. நாலு நல்ல இடத்தில் உங்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் உங்களுக்கு மதிப்பு கூடும். அந்த மதிப்பை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அதைத்தான் அத்தாரிட்டி ஸ்கோர் என்போம். தேடுபொறிக்காரர்கள் அந்த மதிப்பெண்ணைத் தங்களுடையது என்று ஒப்புக்கொள்வதில்லை. வேறு யாரோ வெளியிலிருந்து கணக்குப் போடுவது அது. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்வதைப் போல. பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம் செருப்பு வேறு யாருடையதாகவாவது இருக்கும்.

என் முதல் வாடிக்கையாளர் சாலையில் கிடைத்தார். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திருமழிசைக்கு முன்னால் எங்கள் கார் நின்றுவிட்டது. நல்ல மதிய வெயில். லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கார் ஆடியது. போனில் ரெக்கவரி வண்டி என்று தேடி, மேலே வந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வருவதாகச் சொன்னார். கடைசியில் எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஒரு எண்ணைக் கொடுத்தார். கூப்பிட்டதும் ஒரு பெண் குரல் எடுத்தது. நாங்கள் நிற்கும் இடத்தைக் கேட்டுவிட்டு, காரை விட்டு இறங்கி ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னது. டீ குடித்து முடிப்பதற்குள் மஞ்சள் வண்டி வந்துவிட்டது.

ஓட்டிவந்தவர்தான் உரிமையாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காரை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, எங்களையும் முன்னால் ஏற்றிக்கொண்டார்.

"எம்மாம் நேரமா நின்னுகினு இருந்தீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ணே. நெட்ல தேடித் தேடிப் பாத்தேன்."

"நெட்ல என் நம்பரு வர்லியா?"

"நெட்ல நீங்க இல்லையேண்ணே."

அவர் கியரை மாற்றினார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல, "நான் இங்கியேதாம்மா கீறேன்" என்றார்.

நசரத்பேட்டையில்தான் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே மற்றவர்களின் நெல் வயலில் கூலி வேலை செய்தவராம். சாலை அகலமாகி வயலெல்லாம் மனையானபோது இவர் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஓட்டக் கற்று, பழைய கிரேன் வண்டி ஒன்றை வாங்கி, இப்போது இரண்டு வண்டி வைத்திருந்தார். நெடுஞ்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட முன்னறைதான் ஆபீஸ். போனை எடுப்பது அவர் மனைவி. அன்று என்னிடம் பேசிய குரல் அவருடையதுதான். என் வேலையைப் பற்றிக் கேட்டதும் அந்த அக்காதான், "இவுருக்கு ஒண்ணு செஞ்சி குடேன்" என்றார்.

தளம் தயாரானதும் பேக்லிங்க் பற்றி அவருக்கு விளக்கினேன். எனக்குத் தெரிந்த எந்த மேலாளரையும்விட அவர் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். "அதாவது, நாலு பேரு நம்மளப் பத்தி சொல்லணும். அவ்ளோதான? சொல்றவன் நல்லவனா இருக்கணும்" என்றார். அடுத்த வாரமே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். திருமழிசைத் தொழிற்பேட்டையில் டயர் விற்கும் ஒருவர், பூந்தமல்லியில் ஒரு டிரைவிங் ஸ்கூல், ஆவடிப் பக்கம் ஒரு பேட்டரி கடை. எல்லோரிடமும் இணையதளம் இருந்தது. எல்லோருடைய வண்டியையும் இவர் எப்போதாவது இழுத்துவந்திருந்தார். "தங்கச்சி கேக்குறத போட்டுக் குடு மச்சான்" என்பார். அவர்கள் போட்டுக் கொடுத்தார்கள். அம்பத்தூர் கம்பெனியில் நாங்கள் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பியும் இப்படி ஒரு லிங்க் கிடைத்ததில்லை.

ஸ்கோர் மெல்ல ஏறியது. போனும் அடிக்கத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், திருப்பதி போய்விட்டுத் திரும்பிய ஒரு வேன் என்று, இவரை முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டார்கள். அவருக்கு அது பெரிய ஆச்சரியம். தினமும் காலையில் எனக்கு ஒரு போன் வரும்.

"இன்னாம்மா, இன்னிக்கு அத்தாரிட்டி எவ்ளோ கீது?"

சர்க்கரை வியாதிக்காரர்கள் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பதைப் போல இருக்கும் அந்தக் குரல். தினமும் பார்க்க வேண்டியதில்லை, அது மாதத்துக்கு ஒருமுறை அசைந்தாலே பெரிது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் போன் வருவதற்கு முன்னால் நான் பார்த்துவைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் எழுந்ததும் கணினியைத் திறப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு புள்ளி இறங்கியிருந்தால் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பேன். கருவி தன் கணக்கை மாற்றிப் போட்டிருக்கலாம், எல்லோருக்கும்தான் இறங்கியிருக்கும் என்று தெரிந்தும்தான்.

ஒரு கட்டத்தில் ஸ்கோர் நின்றுவிட்டது. எந்தத் தளத்துக்கும் அப்படி ஒரு காலம் வரும். ஆனால் அப்போது பார்த்து நகரத்துக்குள்ளிருந்து வண்டி இழுக்கும் ஒரு பெரிய டோயிங் கம்பெனி எங்கள் பக்கமும் விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. "அவனுக்கு எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னேன். எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு காலையில் மட்டுமல்லாமல் மத்தியானமும் கூப்பிடத் தொடங்கினார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் ஸ்கோர் எகிறியிருந்தது.

ஒரே ராத்திரியில் யாருக்கும் அப்படி ஏறாது. முதலில் வேறு தளத்தைத் திறந்துவிட்டேனோ என்று முகவரியைச் சரிபார்த்தேன். பிறகு யார் யார் நம்மைச் சுட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. சூதாட்டத் தளங்கள். ஆண்மை மாத்திரை விற்கும் தளங்கள். என்ன மொழி என்றே தெரியாத எழுத்துகளுக்கு நடுவில் எங்கள் நசரத்பேட்டை ரெக்கவரி வண்டியின் பெயர். நம் தெருவில் எல்லாச் சுவரிலும் நம் பெயரை யாரோ கரியால் எழுதிவைத்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. தேடுபொறி இதைக் கண்டுபிடிக்காமல் இருக்காது. காசு கொடுத்து வாங்கிய லிங்க் என்று முடிவு செய்தால் தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கிவிடும்.

வழக்கம்போல போன் வந்தது. இவ்வளவு என்று சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற!"

"அண்ணே, இது நல்லதுக்கு இல்லண்ணே. யார்கிட்டயாவது லிங்க் போடச் சொன்னீங்களா?"

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? ஏறிகீதுல்ல, அப்பால இன்னா?"

அன்று அவர் ஷெட்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. போட்டிக் கம்பெனிக்காரர்கள் நம்மைக் கவிழ்க்கச் செய்தார்களா? அப்படியும் நடக்கும். பழைய வேலையில் பார்த்திருக்கிறேன். அல்லது தளத்துக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா? பாஸ்வேர்டை மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். நானே எங்கேயாவது தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டேனா என்றுகூட என் பழைய மின்னஞ்சல்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். சாயங்காலம் வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ல யாருக்கும் எதுவும் ஆயிடலயே?" என்று கேட்டார்.

நான் பயந்தது நடக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள்தான் மோசம். ஒவ்வொரு நாளும் தேடிப் பார்ப்பேன். எங்கள் தளம் முதல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ என்று மனம் கொஞ்சம் இளகும்போது, மறுபடி அந்தப் பட்டியல் நினைவுக்கு வரும். பிறகு ஒரு நாள் தேடுபொறியிடமிருந்தே அறிவிப்பு வந்தது. இயல்புக்கு மாறான லிங்க்குகள் இருப்பதால் உங்கள் தளத்தின்மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று இரண்டே வரி. போனில் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. கட்டைவிரல் வலிக்கும் வரை தள்ளிக்கொண்டே போனேன். இல்லை.

அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அக்கா உள்ளே போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அண்ணன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"சரி. இத்த யாரு பண்ணது?"

"தெரியலண்ணே."

"பாஸ்வேர்டு உங்கிட்டதான கீது?"

"லிங்க் வெளியில இருந்து வர்றதுண்ணே. அதுக்குப் பாஸ்வேர்டு தேவையில்ல."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. உனுக்குத்தான் தெரியும். இங்க வேற யாருக்குத் தெரியும் சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்த நாளிலிருந்து அண்ணன் காலையில் போன் செய்வதை நிறுத்திவிட்டார். போன் வரும் நேரத்தில் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தளத்தை மீட்க, கெட்ட லிங்க் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, அந்தத் தளக்காரர்களுக்கு எழுதி, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் வராது. மிச்சமிருப்பதையெல்லாம் எழுதி, இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று தேடுபொறியிடம் கொடுக்க வேண்டும். அதில் தவறிப்போய் டயர் கடையையோ டிரைவிங் ஸ்கூலையோ சேர்த்துவிட்டால் இருந்த நல்ல பெயரும் போய்விடும். ஒரு வரியைச் சேர்ப்பேன், சந்தேகம் வந்து எடுப்பேன், மறுபடி சேர்ப்பேன்.

ஒரு மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். அவர் அதுவரை என் வீட்டுக்கு வந்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அவுருக்குத் தெரியாம வந்துகீறேன். வண்டி எடுத்துகினு ஸ்ரீபெரும்புதூர் போயிருக்காரு."

"சொல்லுங்கக்கா."

"அந்த லிங்க்கு நான்தான் வாங்கனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். தளத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒருவன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். உங்கள் தளத்தின் அத்தாரிட்டி குறைவாக இருக்கிறது, ஒரே வாரத்தில் ஏற்றிக் காட்டுகிறோம் என்று. அத்தாரிட்டி என்ற வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் அக்கா அதை அழித்திருப்பார். வீட்டில் காலையும் மாலையும் கேட்கிற வார்த்தையாக அது இருந்ததால் படித்தார். தன் கைக்காசில் அனுப்பினார்.

"ஏங்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ வோணாம்னு சொல்லுவேன்னு தெரியும். நீதான் பொறுமையா இரு, பொறுமையா இருன்னு சொல்லிகினே இருந்த. அவுருக்கு எங்க பொறுமை? சோத்துல கை வச்சிகினு போனையே பாத்துகினு இருக்காரு. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் அத்தாரிட்டி நம்பர எழுதி வண்டில ஒட்டி வச்சிகீறாரு, அத்தத் தாண்டணும்னு. போன வருசம்தான் பிரஷருன்னு மாத்திரை குடுத்தாங்க. அது ஏறுனா இது எறங்கும்னு நெனச்சேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். உடனே கண் கலங்கிவிட்டது.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"சொல்றேன். நானே சொல்றேன். நீ சொல்லிடாத. நீ சொல்லி அவுரு தெரிஞ்சிகினா என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு."

சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஜன்னல் பக்கத்தில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். அண்ணன் என்மேல் சந்தேகப்பட்டது போதாதென்று இப்போது ரகசியம் வேறு என்னிடம் வந்துவிட்டது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். "உன் பேர் கெட்டுட்டு இருக்கு. நீ முதல்ல உன்னைக் காப்பாத்திக்கோ" என்றார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அக்கா சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது.

தளத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். அதில் என்ன நடந்தது, யார் செய்தார்கள், இனி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து, 'எப்படி வந்தன என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். நிராகரித்துவிட்டார்கள். அண்ணனிடம் அதையும் போய்ச் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வாரங்கள் போயின. அவர் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு வண்டிகளில் ஒன்று பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். விடாமல் பெய்த ஒரு நாளில் நான் முடிவு செய்தேன். இந்த வேலையை விட்டுவிடலாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பாஸ்வேர்டையெல்லாம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் நடந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி நசரத்பேட்டையில் இறங்கினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பேசுவதே கஷ்டமாக இருந்தது. அக்கா போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். தண்ணீரில் வண்டி நின்றுபோனவர்களின் கூப்பாடு. ஆனால் எல்லாம் தெரிந்தவர்கள், டயர் கடைக்காரர் சொல்லி அனுப்பியவர்கள், பழைய வாடிக்கையாளர்கள். மற்ற வருஷம் மழை என்றால் இரண்டு போனும் ஓயாது என்று அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவருக்கு உட்கார நேரம் இருந்தது.

அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்."

நான் விலகப்போவதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா வேறு மாதிரி நினைத்துவிட்டார்.

"அவ சொல்ல வோணாம். நானே சொல்றேன்" என்றார். "நெட்ல அந்த லிங்க்கெல்லாம் வாங்கனது நான். இந்தப் பொண்ணு ஒண்ணியும் பண்ணல. அவளுக்கு அப்பால தெரியும். நான்தான் சொல்லாதன்னு புடிச்சி வச்சேன்."

அண்ணன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். துண்டு முகத்தை மறைத்தது. ரொம்ப நேரம் துவட்டினார்.

"எவங்கிட்ட?"

"யாரோ. மெசேஜ் வந்துச்சு."

"எதுக்கு?"

"நீ துன்றியா, தூங்குறியா? அந்த நம்பரு ஏறலன்னா தட்ட அப்டியே வச்சிட்டு எழுந்து பூடுற. ஏறட்டும்னுதான் பண்ணேன். வேற எதுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அக்கா எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, எந்தத் தடுமாற்றமும் இல்லாத குரலில், எங்கே நிற்கிறீர்கள், தண்ணீர் கதவு வரை வந்துவிட்டதா, குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். வைத்துவிட்டு, "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பின்னால. கைக்குழந்தையோட கீறாங்களாம்" என்றார். அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டார். வாசலில் என் பக்கத்தில் வந்தபோது நின்றார்.

"உன்னப் போயி நான்..." என்றார். முடிக்கவில்லை. "நீ போயிடாத. வந்து பேசுறேன்."

நான் போகவில்லை. அக்கா டீ போட்டுக் கொடுத்தார். கையில் வாங்கிய பிறகுதான் என் விரல்கள் எவ்வளவு குளிர்ந்திருந்தன என்று தெரிந்தது.

அண்ணன் திரும்பி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும், இந்த முறை உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"அவ பண்ணான்னு எழுதாத. நான் பண்ணேன்னு எழுது. கம்பெனி என் பேர்லதான கீது."

"நான் பண்ணதுக்கு நீ எதுக்கு?" என்றார் அக்கா.

"தட்ட வச்சிட்டு எழுந்து போனது நான்தான?"

'எங்கள் நிறுவனத்தில் ஒருவர், விதிமுறை தெரியாமல், மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக வெளியாள் ஒருவரிடம் லிங்க் வாங்கிவிட்டார்' என்று எழுதி இருவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் தலையசைத்தார்கள். கெட்ட லிங்க்குகளை எடுக்கச் சொல்லிக் கேட்ட கடிதங்களையும் வந்த சில பதில்களையும் சேர்த்து அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு மறுபடி காத்திருப்பு. இந்த முறை மூன்று பேர் சேர்ந்து பயந்தோம் என்பதுதான் வித்தியாசம். அக்கா ஒரு நாள் கூப்பிட்டு, "அவங்கல்லாம் மனுசங்கதானா, இல்ல மிஷினு படிக்குதா?" என்று கேட்டார். மனுஷர்கள்தான் படிப்பார்கள் என்றேன். எனக்கே அது உறுதியாகத் தெரியாது. "மனுசங்கன்னா புரிஞ்சிப்பாங்க" என்று வைத்துவிட்டார். ஏற்றுக்கொள்ளாவிட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதன் பிறகு எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

நடவடிக்கையை நீக்கிவிட்டோம் என்ற பதில் வந்தபோது நான் காய்கறிக் கடையில் இருந்தேன். தக்காளியைக் கூடையில் போட்டபடியே படித்தேன். சந்தோஷம் உடனே வரவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கணினியில் மறுபடி ஒருமுறை படித்த பிறகுதான் அழுகை வந்தது.

தளம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடவில்லை. முதலில் மூன்றாவது பக்கத்தில் தலைகாட்டியது. பங்குனி வாக்கில் முதல் பக்கத்தின் அடியில் வந்து நின்றது. அந்தப் பெரிய கம்பெனி இன்னும் எங்களுக்கு மேலேதான் இருக்கிறது. கெட்ட லிங்க்குகள் போனதால் ஸ்கோர் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கிவிட்டது. அண்ணன் அதைக் கேட்பதில்லை. வண்டியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டதாக அக்கா சொன்னார். கேட்காமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சில சமயம் போன் செய்து, மழை வருமா, உன் ஊட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கணம் தயங்கி, வைத்துவிடுவார். நான்தான் இன்னும் தினமும் காலையில் பார்க்கிறேன். விட முயன்றேன், முடியவில்லை.

இப்போது அக்கா ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும், வண்டியை அனுப்பிவிட்டு, எங்க நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார். சனிக்கிழமை எனக்குப் போன் செய்து ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார். போன வாரம் சொன்னது இது. ஒரு லாரி டிரைவர், சேலத்துக்காரர். திருமழிசைக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. அவர் போனில் திரை உடைந்து போய், பேச மட்டும்தான் முடியுமாம். வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே அவர் மனைவி தன் போனில் தேடி, எங்கள் தளத்தைப் பார்த்து, எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் லாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு கூப்பிட்டாராம்.

"அங்க குந்திகினு, இங்க இருக்கிற என்ன அந்தம்மா கண்டுபுடிச்சிகீது பாரு" என்றார் அக்கா. "அவங்க நம்பர வாங்கி நானே கூப்ட்டு, உங்க ஊட்டுக்காரர் வண்டிய ஏத்தியாச்சு, பயப்படாதம்மான்னு சொன்னேன்."